சின்ன மிஸ்ஸின் அரைத்தாள்

என்னோடு படிப்பித்த தர்ஷினி கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் எங்கள் நிலையத்தில் கலைப்பாடம் எடுக்கிற எல்லோரும் தவணை தொடங்கும்போது ஒரு தாள் கொடுக்கவேண்டுமாம். எந்த வாரத்துப் பாடத்தில் சாவு வருகிறது, எதில் அடிதடி வருகிறது, எதில் பெண்ணுக்குக் கொடுமை நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிற தாள். அதைப் பற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர் ஆண்டு மலருக்கு எழுதவேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. "நீங்கதான் மிஸ் எழுதணும்" என்று போனில் சொன்னாள். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டேன். நான் அப்படிப்பட்டவள். முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவது விளங்கும்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பழைய மாடிக் கட்டடம். அதன் மேல்தளத்தில்தான் எங்கள் வெளிவாரிப் பட்டப்படிப்பு நிலையம். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. பொகவந்தலாவையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பிள்ளைகள் விடிய முதல் பஸ் பிடித்து வருவார்கள். தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் சிலர், பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், மற்றவர்கள் எங்கள் லயத்துப் பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நான் அங்கேதான் படித்தேன், பிறகு அங்கேயே தமிழ் இலக்கியம் படிப்பித்தேன். இடையில் ஆசிரியர் கலாசாலை, இரண்டு தோட்டப் பாடசாலை, ஒரு மேற்படிப்பு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லவேண்டியது நடராஜா சேரைப் பற்றி. நான் மாணவியாக இருந்தபோது நிலையத்தின் பொறுப்பாளர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் கறுப்புக் குடை, எந்தக் குளிரிலும் அரைக்கைச் சட்டை. அவருடைய வகுப்புக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பாடத்தை முழுதாக ஒருவர் உரத்து வாசிக்கவேண்டும். வாசித்து முடியும்வரை விளக்கமும் இல்லை, கேள்வியும் இல்லை. வாசிப்புத் தொடங்குமுன் அவரே நடந்துபோய்க் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு வருவார். கீழே பஸ் கொண்டக்டர்மார் கத்துகிற சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வரும் என்பதுதான் காரணம். "வாசிக்கேக்க ஒருத்தரும் எழும்பக் கூடாது. கதை நடுவில எழும்பிப் போறது செத்த வீட்டில எழும்பிப் போற மாதிரி" என்பார். யாரும் எழும்பியதில்லை.

ஒரு நாள் தோட்டத்துச் சிறுகதை ஒன்று. பிள்ளைப்பேறு கஷ்டமாகி, தேயிலைத் தூள் ஏற்றுகிற லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு பெண் இறந்துபோகிறாள். வழக்கமாக வாசிக்கிறவர் ஒரு யாழ்ப்பாணத்து மாணவர். அவர் வாயில் எங்கள் பேச்சு நாடகத்துக் கோமாளிப் பேச்சாக வந்தது. வகுப்பு சிரித்தது. நடராஜா சேர் கையைத் தூக்கினார். என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீர் தோட்டத்துப் பிள்ளைதானே? இந்தப் பேச்சு உமக்குத்தான் வாயில வரும். நீர் வாசியும்" என்றார்.

என் அக்கா அப்படித்தான் போனாள். வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்திலிருந்து லொறியில் ஏற்றினார்கள், ரோட்டுக்கு வந்து சேரவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அது நடராஜா சேருக்குத் தெரியாது. அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. நான் எழுந்து நின்று வாசித்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் சேர், "நல்ல குரல் உமக்கு" என்றார். படிப்பு முடிந்து நான் உதவி விரிவுரையாளராக அங்கே வந்ததற்கு அந்த மூன்று வார்த்தையும் ஒரு காரணம் என்று அவரே பிறகு சொன்னார்.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், அவருடைய முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன். கொண்டியையும் எடுத்துக்கொண்டேன். கூடவே என் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்தேன்: மலையகக் கதையை மலையகப் பிள்ளைதான் வாசிக்கவேண்டும். எங்கள் பேச்சைக் கேட்டு ஊர் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அதை ஒரு லயத்துப் பிள்ளை தலை நிமிர்ந்து வாசிக்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கவேண்டும் என்பது என் ஆசை. வருஷா வருஷம் தேடிப் பிடித்து வாசிக்க வைப்பேன். அதை ஒரு மரியாதையாக நினைத்துத்தான் கொடுத்தேன். வாங்கியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது தர்ஷினி வந்தாள். நுவரெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் மகள். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்தவள். அதுவரை நான் வெறும் "மிஸ்". அவள் வந்த மறுவாரமே நான் "பெரிய மிஸ்" ஆகிவிட்டேன், அவள் "சின்ன மிஸ்". பெரிய என்பது மரியாதை என்று சொல்வார்கள். வயதைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்தாள். ஒன்று என் மேசைக்கும் வந்தது. வாரம் வாரமாகப் பாடத்தின் பெயர், பக்கத்தில் ஒரு வரி. 'மூன்றாம் வாரம்: கணவன் மனைவியை அடிக்கும் காட்சி, விவரமாக.' 'ஐந்தாம் வாரம்: குழந்தையின் சாவு.' கீழே, 'கஷ்டமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கதவுப் பக்கம் உட்காரலாம். எழுந்து போய்விட்டு வரலாம். காரணம் கேட்கமாட்டேன்.'

நான் ஓய்வறையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேலி செய்தேன். "என்ன இது, படம் தொடங்க முன்னுக்கு சிகரட் குடிக்காதன்னு போடுவாங்களே, அது மாதிரியா? சாவு இல்லாத இலக்கியம் எதும்மா இருக்கு? ராமாயணத்துக்கு எத்தன தாள் அடிப்ப?"

அவள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். "பாடத்த மாத்தலயே மிஸ். வருதுன்னு மட்டுந்தான சொல்றேன்."

"சொல்லிட்டா அப்புறம் கதையில என்ன இருக்கு?"

"கதை இருக்கும் மிஸ்" என்றாள். அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வகுப்பு முடிந்தால் அவளைச் சுற்றி நிற்பார்கள். வீட்டு மரத்துப் பட்டர்புரூட் அவளுக்கு வரும், பொகவந்தலாவைப் பிள்ளைகள் காட்டுப்பூவெல்லாம் பறித்து வருவார்கள். முப்பது வருஷத்துக்கு மேலே படிப்பித்த எனக்கு வணக்கம் வரும். என் வகுப்பு முடிந்ததும் கொண்டியைத் திறந்தால் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவள் வகுப்பின் கதவு திறந்தே கிடக்கும், முடிந்த பிறகும் அரைமணி நேரம் ஒருவரும் போகமாட்டார்கள். நான் என் அறையில் புத்தகம் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அது உண்மையாகவே வயிற்றில்தான் எரிகிறது.

கலைவாணி என்று ஒரு பிள்ளை. இரண்டாம் வருஷம். நெடுநெடு என்று உயரம், பேச்சு குறைவு, எழுத்து மணி மணியாக இருக்கும். ஹட்டனில் போடிங்கில் தங்கி ஒரு முன்பள்ளியில் வேலை செய்துகொண்டு படித்தாள். பதிவேட்டில் ஹட்டன் முகவரிதான் இருந்தது. பேச்சைக் கேட்டால் பொகவந்தலாவை என்று தெரியும். எனக்குப் பிடித்த பிள்ளை. அந்தத் தவணையின் நல்ல கதையை அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

மண்சரிவுக் கதை அது. மழையில் மலை இறங்கி ஒரு லயத்தை மூடிவிடுகிறது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு அம்மா மகனைக் கூப்பிடுகிறாள். முழுக்க எங்கள் பேச்சு.

கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். "கலைவாணி, எழும்புங்க. இது உங்க வாய்க்குத்தான் வரும்" என்றேன்.

அவள் எழும்பினாள். புத்தகத்தைத் திறந்தாள். ஒருமுறை கதவைப் பார்த்தாள். பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்தேன். வாசிக்கத் தொடங்கினாள். நன்றாகத்தான் வாசித்தாள். அந்த அம்மா கூப்பிடுகிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். கீழே நுவரெலியா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது கேட்டது. "ம், மேல வாசிங்க" என்றேன். வாசித்தாள். கடைசி வரி வரை வாசித்தாள்.

"நல்லா வாசிச்சீங்க" என்றேன்.

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். "மிஸ், கொண்டிய எடுத்து விடுறீங்களா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன். பையைக் கூட எடுக்காமல் படி இறங்கினாள். அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. அவளுடைய பை என் அறை அலுமாரியில் கிடந்தது. இன்னும் இரண்டு வகுப்பு விட்டால் வரவு போதாமல் பரீட்சைக்கு விடமாட்டார்கள். பரீட்சை போனால் அந்த வருஷம் போயிற்று, திரும்பப் பணம் கட்டிப் படிக்கிற நிலையில் அவள் இல்லை.

மூன்றாவது சனி, ஓய்வறையில் தர்ஷினி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "மிஸ், கலைவாணி படிப்ப விட்டுட்டாளாம். சித்தியோட கொழுந்து பறிக்கப் போறாளாம். அவ அம்மாவும் தம்பியும் மண்சரிவுலதான போனாங்க... உங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

எனக்கு அப்போது முதலில் என்ன வந்தது என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ, பரவாயில்லை. முதலில் வந்தது இரக்கம் இல்லை. இவளுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் வந்தது. என் பிள்ளை, என் பேச்சுப் பேசுகிற பிள்ளை, எனக்குச் சொல்லாமல் இவளிடம் ஏன் சொன்னாள்?

வாய்விட்டே கேட்டேன். "ஒங்கிட்ட எப்ப சொன்னா?"

"போன வருஷம் மிஸ். மொத வாரமே. அந்தத் தாளப் பாத்துட்டு வந்து, 'மிஸ், மண்சரிவு எதுலயாச்சும் வருதா'ன்னு கேட்டா. இல்லன்னேன். அப்பதான் சொன்னா."

அவள் எழுந்துபோன பிறகு என் அறைக்குப் போய், அலுமாரியில் கிடந்த கலைவாணியின் பையைப் பார்த்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கிறமாதிரி நான் ஒரு வரியும் எழுதிக் கொடுத்ததில்லை. இரக்கம் அப்போதுதான் வந்தது, வந்ததும் இடுப்பை ஒடித்துப் போட்டது.

மறுநாள் ஞாயிறு வகுப்பைப் பின்னேரத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு, கலைவாணியின் பையை எடுத்துக்கொண்டு பொகவந்தலாவை பஸ் ஏறினேன். தர்ஷினிக்குச் சொல்லவில்லை. நானே கூட்டி வந்துவிடவேண்டும், அவளுக்கு முன்னே கூட்டி வந்துவிடவேண்டும். பிள்ளையின் படிப்பு போகிற நேரத்திலும் எனக்கு இந்தப் போட்டி விடவில்லை. வளைவுக்கு வளைவு பஸ் நின்று எதிர் வண்டிக்கு வழி விட்டது, நான் என்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

சித்தியின் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. ஞாயிறு என்பதால் இருவரும் இருந்தார்கள். கலைவாணி என்னைப் பார்த்ததும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். பையைக் கொடுத்தேன். மனப்பாடம் செய்ததையெல்லாம் சொன்னேன். பட்டத்தின் பெருமை, வரவு, பரீட்சை. பிறகு, "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்தக் கதைய வாசிக்கக் குடுத்திருக்கமாட்டேன்" என்றேன்.

சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நாற்பது வயதிருக்கும், விரலெல்லாம் கொழுந்துக் கறை. குரல் உயர்த்தாமல் பேசினார். "டீச்சர், நீங்களும் தோட்டந்தான்னு இவ சொல்லியிருக்கா. மலையில நிக்கிறவளுக்கு எழவு சேதி எப்படிச் சொல்லுவோம்னு ஒங்களுக்குத் தெரியாதா? மொதல்ல கூடய எறக்கத்தான சொல்லுவோம்? நீங்க கூடயோட நிக்க வச்சே சொல்லிட்டீங்களே."

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற இடத்தை நாங்கள் மலை என்போம். மலையில் நிற்கும் ஒருத்தியின் வீட்டில் சாவு விழுந்தால் லயத்திலிருந்து ஆள் போகும். போகிறவர் சேதியைச் சொல்லமாட்டார். "கூடய எறக்கி வையி, வா போவோம்" என்பார். பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் விளங்கிக்கொண்டு, தலையில் மாட்டியிருக்கும் கூடைக் கயிற்றை எடுத்து, கூடையை வாங்கி வைப்பார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சரிவான இடம், பாரத்தோடு விழுந்தால் உருண்டுதான் போகவேண்டும். லயத்துக்கு நடந்து வருகிற வழியில் அவளுக்கே தெரிந்துவிடும். கூடையை இறக்கச் சொன்னபோதே பாதி தெரிந்துவிடும்.

என் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். பெரியப்பா மலையேறிப் போனபோது அவர் பின்னாலேயே நானும் ஓடினேன். அம்மாவின் கூடையை இறக்கி வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்த நான்தான் முப்பது வருஷமாகக் கதவுக்குக் கொண்டி போட்டேன்.

"இவளுக்கு அன்னைக்கும் யாரும் கூடய எறக்கல டீச்சர்" என்றார் சித்தி. "போடிங்கில இருக்கும்போது போன்ல வீடியோவா வந்திச்சாம். யாரோ அனுப்பியிருக்காங்க. பாத்துகிட்டே இருந்திருக்கா, நம்ம லயம்னு தெரியாம."

கலைவாணி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மறுபடி வாங்கம்மா" என்றேன்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சின்ன மிஸ்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன் மிஸ்."

வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து பஸ்ஸுக்கு வந்திருப்பேன். வரவில்லை. கோயில் வளைவில்தான் சிக்னல் கிடைக்கும் என்றார்கள். மூவரும் அங்கே போனோம். என் போனில் தர்ஷினியைக் கூப்பிட்டு, "நான் பொகவந்தலாவையில நிக்கிறேன். கலைவாணி ஒன்கூடப் பேசணுமாம்" என்று சொல்லி, போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. நடுவில் கலைவாணி சிரித்தாள். இரண்டு வருஷம் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளை, அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்து, "வர்றேன் மிஸ். கொண்டி மட்டும் போடாதீங்க" என்றாள்.

அன்று பின்னேரமே நிலையத்தில் காவலுக்கு இருக்கிற வோச்சரிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி அந்தக் கொண்டியைக் கழற்றினேன். துரு ஏறிய திருகாணி நாலு. பிறகு தாள் எழுத உட்கார்ந்தேன். முதல்முறை எழுதியதைத் தர்ஷினியிடம் காட்டினேன். காட்டவேண்டி வந்ததே என்று எரிந்துகொண்டுதான் காட்டினேன்.

அவள் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மிஸ், 'மாணவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்'னு போட்டிருக்கீங்க. அது வேணாமே. வர்றது என்னன்னு சொன்னா போதும், எப்படி இருக்கணும்னு சொல்லவேணாம்."

அடித்துவிட்டேன். அடுத்த சனி எல்லோருக்கும் கொடுத்தேன். வாசிக்க விரும்புகிறவர் முதல் நாளே பெயர் தரலாம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அது என் வரி, அவளுடையது இல்லை. கலைவாணி கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த வாரங்களில் ஒருமுறையும் எழுந்து போகவில்லை. எழுந்து போனது வேறொருவர். முன்வரிசையில் இருந்து எல்லாவற்றுக்கும் சிரிக்கிற ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர், ஐம்பதை நெருங்குகிறவர். தாளைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை கதவுப் பக்கம் மாறி உட்கார்ந்தார், பாதி வாசிப்பில் வெளியே போனார், முடிந்ததும் வந்து கொப்பி எழுதினார். காரணம் கேட்கவில்லை. கலைவாணி பரீட்சை எழுதினாள், நல்ல பெறுபேறு. இப்போது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். தர்ஷினிக்கு அடிக்கடி போன் எடுப்பாளாம். எனக்குப் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள்.

இவ்வளவோடு கட்டுரையை முடித்துத் தர்ஷினிக்கு அனுப்ப இருந்தேன். நேற்று அவளிடமிருந்து போனில் ஒரு சேதி வந்தது. புதிய பாடத்திட்டத்தில் அந்த லொறிக் கதையை மறுபடி சேர்த்திருக்கிறார்களாம். நான் மாணவியாக வாசித்த அதே கதை. 'உங்கள மாதிரி வாசிக்க ஆளில்ல மிஸ். ஒரு சனிக்கிழமை வந்து வாசிக்கிறீங்களா?' எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லவா வேண்டும். எந்தச் சேலை என்று கூட யோசித்துவிட்டேன்.

அதற்குக் கீழே அவள் இன்னும் இரண்டு வரி போட்டிருந்தாள். 'பிள்ளைப்பேற்றில் சாவு, லொறிக்குள்ளே, விவரமா வருது மிஸ். வேணாம்னா வேணாம், காரணம் கேக்கமாட்டேன்.'

எல்லோருக்கும் போடுகிற வரிதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து போட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்திருந்தேன். கலைவாணி மேல் எனக்குப் பொறாமை வந்தது. இந்த இரண்டு வரி அவளுக்கு இருபத்திரண்டு வயதில் கிடைத்துவிட்டது. எனக்கு, இத்தனை வருஷம் உரத்து வாசித்து, படிப்பித்து, ஓய்வும் பெற்ற பிறகுதான் வருகிறது. எழுந்து போய் ஒரு வாளி உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். திரும்பி வந்து பார்த்தேன். வரி அப்படியே இருந்தது.

வருவேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. நடராஜா சேரிடம் சொல்லாததை, கூடப் படித்த ஒருவரிடமும் சொல்லாததை, எங்கள் பேச்சில் எழுதி அனுப்பினேன்.

'எனக்கு ஒரு அக்கா இருந்திச்சு தர்ஷினி. பேரு ராஜம்மா.'